முதல் பேர் என்னுது

ஏனுங்க, அந்த வாளியைக் கொஞ்சம் அக்கட்டால நகத்திக்கறீங்களா? முழங்கால்ல இடிக்குது. தலகாணியை மேல கம்பியில வெச்சிருங்க, விழுகாது. போதும் போதும். பஸ்ஸுல போய் எத்தனையோ வருசமாச்சுங்க, உக்காரவே மறந்துபோச்சு. காலேஜ் காரு வீட்டு வாசலுக்கு வரும், ஏறி உக்காந்தா டிபார்ட்மென்ட் முன்னாடி எறக்கி உடும். போன வாரத்துல இருந்து வர்றதில்லை. டிரைவருக்குப் போன் பண்ணினா, 'மேல இருந்து ஒண்ணும் சொல்லலீங்க சார்'ங்கறான். அதுக்கு முந்துன நாள் வரைக்கும் கதவைத் தொறந்து உட்டுட்டுக் குனிஞ்சு நின்னவன்.

பைபாஸ்ல பெரிய ஆர்ச் வெச்சு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்குதல்லங்க, பாத்திருப்பீங்க. அங்க சிவில் டிபார்ட்மென்டுக்கு ஹெட்டுங்க நான். டாக்டர் அர்த்தநாரி. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, ஆராய்ச்சி பண்ணி வாங்கினது.

எனக்கு அருவருப்பா இருக்குதுங்க. மனுசங்களைப் பாத்தாவே அருவருப்பா இருக்குது. காலையில இட்லி எறங்கலை. 'என்ன, ஒடம்பு செரியில்லையா'ன்னு வீட்டுல கேக்கறாங்க. ஒடம்புக்கென்ன, ஒலகம் செரியில்லை. நடந்ததைச் சொல்றேன், நாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. உங்களப் பாத்தா நாலு எடம் போய் வந்தவராட்டத் தெரியுது.

எங்க காலேஜ்ல போன வாரம் ஒரு மாநாடு நடத்தினோம். 'பொறியியலிலும் தொழில்நுட்பத்திலும் அறநெறி'. பன்னாட்டு மாநாடுங்க. எங்க சேர்மனோட சம்பந்தி பையன் மலேசியாவுல இருக்கறான், அவன் வீடியோவுல வந்து வாழ்த்துச் சொன்னான். அதனால பன்னாட்டு. பாதியில படம் நின்னுபோச்சு, வாயைத் தொறந்தபடியே திரையில கெடந்தான். அதுக்கும் கை தட்டினோம்.

அமைப்புச் செயலாளர் நானு. பேனர்ல சேர்மன் போட்டோ, அதுக்குக் கீழ பிரின்சிபால், அதுக்குக் கீழ நானு. பிரின்சிபால் இந்த வருசத்தோட ரிட்டயர்டு ஆகறாரு. அடுத்தது ஆருங்கறதைச் சேர்மன் வாயாலயே சொல்லிட்டாருங்க. 'மாநாடு நல்லபடியா முடியட்டும் அர்த்தநாரி, அந்த ரூமுக்கு உங்களுக்குப் புடிச்ச ஏசியா மாட்டிக்கலாம்'னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக நாயா அலைஞ்சேன்.

இந்த மாநாடெல்லாம் வெளிய இருந்து பாக்கறதுக்குத்தானுங்க அழகு. உள்ள வந்து பாத்தா குமட்டும். ஒரே கட்டுரை மூணு காலேஜ்ல இருந்து மூணு பேர்ல வந்துச்சு. எதைப் பத்தி? நேர்மையைப் பத்தி! திருட்டுப் பசங்க. மூணையும் ஏத்துக்கிட்டோம், வேறென்ன பண்றது, எண்ணிக்கை காட்டணுமல்ல. சீஃப் கெஸ்ட்டுக்குப் போத்தின பொன்னாடையை அவரு மடிச்சுப் பின்னாடி வெப்பாரு, நம்ம ஆளு சத்தமில்லாம எடுத்து அடுத்தவருக்குப் போத்துவான். அன்னிக்கு ஒரே பொன்னாடை எத்தனை தோளு ஏறி எறங்குச்சுன்னு எனக்கே தெரியாது. அருவருப்புங்க.

எங்க டிபார்ட்மென்ட்ல அப்படிக் கெடையாது. ஒழுங்குன்னா ஒழுங்கு. எந்தக் கட்டுரை வெளிய போனாலும் முதல் பேர் என்னுது. எழுதினவங்க பேரு ரெண்டாவது. இது நான் கொண்டுவந்த பழக்கமில்லீங்க. எனக்கு முன்னாடி இருந்தவரு காலத்துல என்ற பேரை ரெண்டாவதாப் போட்டுப் போட்டுத்தான் நானும் மேல வந்தேன். குலதெய்வத்துக்கு முதல் பொங்கல் வெக்கறமல்லங்க, அந்த மாதிரி. அதுல தப்பு என்னங்க?

செரி, விசயத்துக்கு வர்றேன். டிபார்ட்மென்ட்ல கோகிலவாணின்னு ஒரு புள்ளை. காங்கேயம் பக்கம். வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. நல்லாப் பாடம் நடத்தும், அதைச் சொல்லோணும். ஆனா கம்முனு இருக்கத் தெரியாது.

எங்க புது ஆடிட்டோரியத்துல ஒரு பால்கனி இருக்குதுங்க. கீழ தூணே இல்லாம அந்தரத்துல முன்னாடி நீட்டிட்டு இருக்கும், பாக்க அம்சமா. பிளான்ல போட்டதுக்கு மேல இன்னும் ரெண்டு வரிசை நீட்டுனா எடுப்பா இருக்கும்னு சேர்மன் ஆசைப்பட்டாரு. நீட்டியாச்சு. கட்டினது அவரோட மச்சினன். தொறந்து ஒரு வருசம்கூட ஆகலை, பின்னாடி செவுத்தோரமா டைல்ஸு கோடு போட்டாப்புல பொளந்துக்கிச்சு. இந்தப் புள்ளை அதைப் பாத்துட்டு என்ற ரூமுக்கு ஓடி வந்துச்சு. 'சார், டைல்ஸ் மட்டும் இல்லீங்க சார், கீழ கான்கிரீட்லயே விரிசல் போகுது. நீட்டிட்டு நிக்கற ஸ்லாபுக்கு அந்த எடத்துலதான் புடிமானமே. அங்க உட்டுப்போச்சுன்னா புள்ளைங்களோட மொத்தமா முன்னாடி சாஞ்சுரும் சார்'னு.

எனக்குத் தெரியாதுங்களா? அந்தப் பாடத்தையே காலங்காலமா நடத்தறவன் நானு. 'பாத்துக்கலாம்மா'ன்னேன். மறுபடி வந்துச்சு. கான்கிரீட்டைத் தட்டிப் பாக்கற கருவியை லேப்ல இருந்து தூக்கிட்டுப் போய், தட்டிப் பாத்துட்டு வந்து நின்னுச்சு. செரி, பாவம், புள்ளை மெனக்கெடுதேன்னு ஆபீஸ்ல சொல்லி அந்த எடத்துல செவப்புக் கம்பளம் விரிக்கச் சொன்னேன். அழகுக்கு அழகு, கண்ணுலயும் படாது. அப்பறமும் வந்துச்சுங்க! மாநாட்டு வேலை தலைக்கு மேல கெடக்குது, கதவைத் தொறந்தா இந்தப் புள்ளை. தொல்லை தாங்காமச் சொன்னேன், 'ஏம்மா, இதை வாயில சொல்லிட்டுத் திரியாத. பேப்பரா எழுதிக் குடு, மாநாட்டுல வெச்சுப் பேசிக்கலாம்.'

எங்க ஒலகத்துல எல்லாருஞ் சொல்றதுதானுங்க அது. ஒருத்தரு வாயை அடைக்கோணும்னா பேப்பர் எழுதச் சொல்லுவோம். எழுதப் போனவங்க லேசுல திரும்பி வரமாட்டாங்க. இது எழுதிப்போட்டு வந்துருச்சு.

முதல் பேர் என்னுதுதான், அதுல ஒரு குறையும் வெக்கலை. பொறியாளர் எப்ப முடியாதுன்னு சொல்லோணும்ங்கற மாதிரி இங்கிலீஷ்ல தலைப்பு. மாநாட்டுக்குத் தக்க தலைப்பு. வாங்கி மேசை மேல வெச்சேன். மறுநாள் வந்து, 'படிச்சீங்களா சார்'னுச்சு. 'படிச்சேம்மா, நெம்ப நல்லா வந்திருக்குது'ன்னேன். வேறென்னங்க சொல்றது? டிபார்ட்மென்ட் ஹெட்டு படிக்கலைன்னு சொல்ல முடியுங்களா? போக மாட்டேங்குது. 'நெசமாலுமே படிச்சீங்களா சார்? ஏதாவது மாத்தணுமா?' எனக்கு எரிச்சல். 'ஒரு எழுத்து மாத்தாத'ன்னு அனுப்பிச்சேன்.

சிறந்த கட்டுரைப் பரிசு ஆருக்குன்னு முடிவு பண்ணறதுக்குக் கமிட்டி உக்காந்துச்சு. கமிட்டின்னா நானும் பிரின்சிபாலும் ஒரு தட்டு வடையும். எங்க காலேஜ்ல மாநாடு நடத்தறவரு கட்டுரைக்குத்தான் பரிசு, அது வழக்கம். என்ற பேரு ஒரு கட்டுக் கட்டுரையில இருந்துச்சு, எதுக்குக் குடுக்கறது? 'மேலாப்புல எது இருக்குதோ அதுக்கே குடுத்துருங்க'ன்னாரு பிரின்சிபாலு, கையில எண்ணெய் ஆகிருச்சுன்னு தொடாமலே. மேலாப்புல இருந்தது இதுங்க.

விசயம் தெரிஞ்சு அந்தப் புள்ளை ஓடி வந்துச்சு. 'சார், இதை நீங்களே மேடையில படிக்கப் போறீங்களா? சேர்மன் முன்னாடியேவா?'

'முதல் பேர் ஆருதும்மா? அப்ப நாந்தான படிக்கோணும்'னேன்.

கண்ணு கலங்கிப்போச்சு அதுக்கு. 'உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் சார். கம்பளம் விரிச்சப்ப உங்களை மனசுக்குள்ள திட்டினேன். நீங்க இவ்வளவு தைரியமா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்கங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சுங்க. பரிசைத் தான் வாங்க முடியலைங்கற வருத்தத்துல ஒளறுதுன்னு நெனச்சேன். 'போம்மா, பட்டுச்சேலை கட்டிட்டு வந்து வரவேற்புல சந்தனத் தட்டோட நில்லு'ன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். அப்பவாவது நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க, 'சார், நீங்க படிக்கலைன்னு எனக்குத் தெரியும்'னு? சொல்லலை. அதுதான் துரோகம்.

மாநாட்டன்னிக்கு ஆடிட்டோரியம் நெறஞ்சு வழியுது. வீடியோவுல காலி சேரு தெரியக்கூடாதுன்னு சேர்மன் உத்தரவு. கீழ சீனியர் புள்ளைங்க. பால்கனி முழுக்க ஃபர்ஸ்ட் இயர். இன்னிக்கு அட்டெண்டன்ஸ் இங்கதான்னு சொல்லி அடைச்சு வெச்சிருந்தோம், நடக்கற வழியில எல்லாம் உக்காந்திருந்துச்சுங்க. சீஃப் கெஸ்ட்டு ஒரு முன்னாள் துணைவேந்தரு. தன்னலமில்லாம இருக்கோணும்னு நெம்ப நேரம் உருகி உருகிப் பேசினாரு. பேசிப்போட்டு எறங்கி வந்து, ஊருக்குத் திரும்பிப் போக இன்னும் பெரிய காரா வேணும்னு என்ற காதுல சொல்றாரு. பல்லைக் கடிச்சுட்டு 'ஏற்பாடு பண்றனுங்க ஐயா'ன்னேன்.

என்ற முறை வந்துச்சு. மைக்கைப் புடிச்சுக் கணீர்னு படிக்க ஆரம்பிச்சேன். இங்கிலீஷ் படிச்சா எனக்கு வாய் பாட்டுக்குப் போகுமுங்க, மனசு வேற பக்கம் இருக்கும். பிரின்சிபால் ரூம்ல ஏசியை சன்னலுக்கு மேல மாட்டறதா, கதவுக்கு மேல மாட்டறதான்னு யோசிச்சுட்டே ஒரு பக்கத்தை முடிச்சுட்டேன். சேர்மன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாரு. முதல் ஆளாக் கை தட்டினதே அவருதான். அத்தோட உட்டிருந்தா ஒண்ணுமில்லை. இந்தத் துணைவேந்தரு குறுக்க வந்து, 'அருமை! இதை அப்படியே தமிழ்ல சொல்லுங்க, மேல உக்காந்திருக்கற புதுப் புள்ளைங்களுக்கும் புரியட்டும்'னாரு.

தமிழ்ல சொல்றதுன்னா எனக்குப் புரிஞ்சாத்தானுங்களே சொல்ல முடியும். அங்க மாட்டினேன்.

'ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில்'ன்னேன். செரி. 'தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி'ன்னேன். எங்கியோ கேட்ட மாதிரி இருக்குதேன்னு ஒரு நெனப்பு. 'வரைபடத்தில் இருந்ததைவிட ரெண்டு வரிசை கூடுதலாக'ன்னேன். அப்பத்தானுங்க அது எங்க பால்கனின்னே ஒறைச்சுது. நிறுத்தியிருக்கலாம். ஆனா வாசிச்சு வாசிச்சுப் பழகின வாயி, நிக்க மாட்டேங்குது. 'சுவரோரம் விரிசல் கண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சிவப்புக் கம்பளம் போட்டு மூடியிருக்கிறார்கள். கூட்டம் நிறைந்த ஒரு நாளில்'னு வந்து நின்னேன்.

அத்தனை நேரம் செல்போனை நோண்டிட்டு இருந்த புள்ளைங்க எல்லாம் நிமுந்து பாக்குது. பால்கனியில பின்வரிசையில ஒரு புள்ளை, ரெட்டை ஜடை போட்டிருந்துச்சு, குனிஞ்சு கம்பளத்தோட ஓரத்தைத் தூக்கிப் பாத்துச்சு. மெதுவாக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னுச்சு. அதைப் பாத்துப் பக்கத்துல இருந்தது எந்திரிச்சுச்சு. அப்பறம் அந்த வரிசையே. ஓடலைங்க, கத்தலைங்க. செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுட்டு, மூச்சு உடாம, ஒண்ணு பின்னால ஒண்ணாக் கதவைப் பாத்து நடக்குதுங்க. கோகிலவாணி எப்ப மேல போச்சோ தெரியலை, பட்டுச்சேலையோட கதவுகிட்ட நின்னு ஒவ்வொண்ணாக் கையைப் புடிச்சு எறக்கி உடுது.

சேர்மன் மூஞ்சி கருத்துப்போச்சு. வீடியோக்காரன் கேமராவை மேல திருப்பறான். அந்த நேரத்துல சமாளிச்சது ஆருங்க? நானுங்க. மைக்குல ஒரு சிரிப்புச் சிரிச்சேன். 'மாணவச் செல்வங்களே, இது அறநெறியை விளக்கறதுக்காக நான் கற்பனையாச் சொன்ன உதாரணம். எல்லாரும் அவங்கவங்க எடத்துல போய் உக்காருங்க. எடத்துல இல்லாதவங்களுக்கு இன்னிக்கு அட்டெண்டன்ஸ் கெடையாது'ன்னேன். அட்டெண்டன்ஸுங்கற வார்த்தைக்கு என்ன சக்தி பாருங்க! கொஞ்ச நேரம் படியில நின்னு ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துச்சுங்க. அப்பறம் செருப்பைப் போட்டுட்டு அத்தனையும் திரும்பி ஏறி உக்காந்துருச்சு. ரெட்டை ஜடை மட்டும் உக்காரலை. நாட்டுப்பண் பாடற வரைக்கும் கதவோரமாவே நின்னுச்சு. அதுக்கு ஆப்சென்ட் போடச் சொன்னேன்.

பால்கனி அன்னிக்கு விழுந்துச்சுங்களா? விழுகலையே. அப்பறம் என்ன?

எனக்கு மாலை போட்டிருக்கோணும். போடலை. சேர்மன் ரூமுக்குக் கூப்புட்டு, 'என்ற சோத்தைத் தின்னுட்டு என்ற மேடையிலயே ஏறி என்ற மானத்தை வாங்கறயா'ன்னு கேட்டாருங்க. பியூன் முன்னாடி. 'ஐயா, அது நான் எழுதினது இல்லீங்க'ன்னேன். 'பேரு உன்னுதுதான போட்டிருக்குது'ன்னாரு. கூட உக்காந்து வடை தின்ன பிரின்சிபாலு, 'நான் அப்பவே இந்தக் கட்டுரை வேண்டாம்னேன்'ங்கறாரு! எப்படிப்பட்ட மனுசங்க பாருங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருன்னுட்டாங்க. கோகிலவாணியை அன்னிக்கே வேலையை உட்டு அனுப்பிச்சுட்டாங்க.

போறதுக்கு முன்னாடி என்ற ரூமுக்கு வந்துச்சு. 'ஏம்மா, என்ற பேரை முதல்ல போட்டு இப்படி ஒரு காரியம் பண்ணலாமா? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்'னு கேட்டேன். 'கற்பனைன்னு சொல்லிட்டீங்களே சார். எறங்கின புள்ளைங்களைத் திரும்பி ஏத்தி உட்டுட்டீங்களே'ன்னுச்சு. நின்னு என்னையவே பாத்துச்சு. அழுகலை. திட்டலை. ஏதோ மிதிக்கக்கூடாததை மிதிச்சுப்போட்ட மாதிரி ஒரு பார்வை. என்னைய! இத்தனை பேருக்கு வேலை கத்துக் குடுத்த என்னைய! அதை நெனச்சா இன்னும் ஒடம்பு கூசுதுங்க.

இன்னிக்குக் காலையில சேர்மன் போன் பண்ணினாரு. 'வாங்க அர்த்தநாரி, பேசித் தீத்துக்கலாம்.' வெள்ளிக்கிழமை அதே ஆடிட்டோரியத்துல ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்களுக்கு வரவேற்பு விழா. அந்த வீடியோவை எவனோ வெளிய உட்டு, பெத்தவங்க சில பேரு போன் பண்ணிக் கேக்கறாங்களாம். அதனால, பால்கனி உறுதியா இருக்குது, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்னு கைப்பட எழுதிக் குடுக்கோணும். 'சிவில் ஹெட்டு நீங்கதான, உங்க பேர்லயே இருக்கட்டும்'னாரு. நீட்டச் சொன்னது அவரு. கட்டினது அவரு மச்சினன். பேரு மட்டும் என்னுது வேணுமாம், கூட ஒருத்தன் பேரு கெடையாது. எவ்வளவு அசிங்கம் பாருங்க, செய்யாத வேலைக்கு ஒருத்தன் பேரைப் போடறதாவது! வெக்கங் கெட்டவங்க.

எழுதிக் குடுக்கறீங்களாங்கறீங்களா? குடுக்காம? இந்த வயசுல எங்க போவேன்? குடுத்துட்டா நாளைக்கே காரு வந்துரும். அந்தப் பிரின்சிபால் ரூமும் என்னுதுதான்னு அவரே சொல்றாரு.

செரி, என்ற கதையே பேசிட்டு வர்றேன். நீங்க எங்க எறங்கறீங்க? நீங்களும் காலேஜ் ஆர்ச்சா? அட. அப்ப இந்த வாளி, தலகாணியெல்லாம் ஹாஸ்டலுக்குங்களா? பொண்ணா? எந்த இயர் படிக்குது?

ஓ. ஃபர்ஸ்ட் இயருங்களா.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. கொஞ்சம் கிட்ட வாங்க. கண்டக்டர் காதுல உழுக வேண்டாம். வெள்ளிக்கிழமை வயித்துவலின்னு சொல்லி ரூம்லயே படுத்துக்கச் சொல்லுங்க. போயே ஆகோணும்னா பால்கனிக்கு மட்டும் ஏற வேண்டாம். கீழயும் பால்கனிக்கு அடியில உக்கார வேண்டாம், மேடைகிட்ட முன்னாடி போய் உக்காந்துக்கட்டும். பேரைச் சொல்லுங்க, அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன். நம்ம கூட உக்காந்து வந்தவரு, உங்களுக்கு இதுகூடச் செய்ய மாட்டனா?

மத்த புள்ளைங்களா? என்னங்க கேக்கறீங்க? மத்த புள்ளைங்களோட அப்பன் எவனாவது இந்த பஸ்ஸுல என்ற பக்கத்துல உக்காந்திருக்கறானா? உங்க புள்ளைக்கு நல்லது சொன்னா நீங்க என்னைய அந்தக் கோகிலவாணி பாத்த மாதிரியே பாக்கறீங்க.

எதுக்கு இப்பப் போன எடுக்கறீங்க? புள்ளைக்கா? மெதுவாப் பேசுங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. புள்ளைக்கு இல்லையா? பெத்தவங்க எல்லாம் இருக்கற வாட்ஸப் குரூப்பா? அதுலயா பேசி அனுப்பறீங்க?

செரி, அனுப்புங்க. நான் தடுக்கலை. நல்ல காரியம்தான், அனுப்புங்க. என்ற பேரை மட்டும் அதுல போட்டுறாதீங்க.